உப்புத் தண்ணீரும் புளியமரமும்

கோட்டைக்குப்பத்து ஏரிக்கரையில் நிற்கும் எங்கள் பழைய புளியமரம் உச்சியிலிருந்து காய ஆரம்பித்ததும், வெட்டிவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்துக்கு வயதாகிவிட்டது உண்மைதான். ஆனால் அதை வாட்டியது வயது மட்டுமில்லை. அதன் நிழலில் உட்கார்ந்து இறால் உரிக்கும் நாங்கள் எல்லோரும், கடல் கலக்கும் ஏரித் தண்ணீரில் இறாலைக் கழுவி, அந்த உப்புத் தண்ணீரை வேரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தோம்.

நான் என் கூடையைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போனேன்.

"இன்னா அண்ணி, வெய்யில்ல குந்திகினு கருவாடாவப் போறியா?" என்று சிரித்தாள் என் நாத்தனார். நான் எழுந்திருக்கவில்லை. சில நாளில் அவளே கூடையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வேருக்கு நல்ல தண்ணீர் ஊற்றினோம். காய்ந்த கிளைகளில் பறவைகள் கூடு கட்டியிருந்ததால், அவற்றிலும் யாரையும் கை வைக்க விடவில்லை. மழை வந்து மண்ணை அலசிய பிறகு, அடிமரத்திலிருந்து புதுத் துளிர் விட்டது.

போன மாதம் இறால் வாங்க வந்த ஒருவர், "இம்மாம் பெரிய மரம் கீது, வெய்யில்ல குந்திகினு கீறீங்களே?" என்றார்.

நாத்தனார் நிமிரக்கூட இல்லை. "நாங்க இங்க குந்திகினு கீறதாலதான் அது கீது" என்றாள்.