ஜொகூர் பாருவில் நீலக்கல் வாங்கப் போய்க் குடையோடு திரும்பினோம்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் என் நாத்தனார் மல்லிகா புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து கூப்பிடுகிறாள். இந்த முறையும் போகாவிட்டால் உறவே அறுந்துபோகும் என்று பொங்கல் கழிந்த கையோடு நானும் வீட்டுக்காரரும் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினோம். பயணக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஜொகூர் பாருவில் ஒரு பகல் நடந்ததைச் சொல்லாமல் பஸ் கட்டணத்தை மட்டும் எழுதினால் எனக்கு மனசு ஆறாது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அங்கிருந்து குளுவாங் ஊருக்குப் பஸ், தலைக்கு முப்பது ரிங்கிட், நாலரை மணி நேரம். ஒரு ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே இருந்த நாளெல்லாம் வாய்க்குள்ளேயே பெருக்கிக்கொண்டிருந்தேன். யோங் பெங்கில் பஸ் நின்றபோது இழுத்து ஆற்றிய பால் டீ குடித்தோம், இரண்டரை ரிங்கிட். ஐம்பது ரூபாய்க்கு ஒரு டீயா என்று வயிறு எரிந்தது. ஆனால் கிளாஸ் பெரிசு, குறை சொல்வதற்கில்லை. குளுவாங்கிலிருந்து ரெங்கம் இருபது கிலோமீட்டர், வழி நெடுக செம்பனைத் தோட்டம், நம்ம ஊரில் பாமாயில் மரம் என்போமே, அதுதான்.

இங்கே என் மகன் பிரபுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசு வேலைக்கு மூன்று முறை பரீட்சை எழுதி மூன்று முறையும் போய்விட்டது. இரண்டு வருடமாக வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில். டிசம்பரில் ஒரு நாள் தானாக வந்து, "மெஷின் டிசைன் கிளாஸ் சேரட்டுமாப்பா?" என்று கேட்டான். அவன் வாயைத் திறந்து ஒன்று கேட்டதே எங்களுக்குத் தீபாவளி. ஃபீஸ் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் வீட்டுக்காரர் கணக்கில் தயாராக இருந்தது, ஊர் திரும்பியதும் கட்ட வேண்டியது. ஆனால் எங்கள் ஜோதிடர், "சனி சரியில்லை, நீலக்கல் போட்டால்தான் எதுவும் துலங்கும்" என்று சொல்லிவைத்திருந்தார். அது என் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

ஒரு புதன்கிழமை மல்லிகாவுக்கு ஃபேக்டரி. நாங்கள் மட்டும் ஜொகூர் பாருவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். குளுவாங்கிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம், பன்னிரண்டு ரிங்கிட். பஸ் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக வாடகைக் கார் இன்னொரு பன்னிரண்டு.

மல்லிகா காலையிலேயே எச்சரித்தாள். "அண்ணி, கோயில பாருங்க, துணி எடுங்க, நல்லா சாப்பிடுங்க. யாராச்சும் வந்து பேசினா பின்னாடியே போயிறாதீங்க லா."

அங்கே தமிழிலும் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது. எனக்கேவா எச்சரிக்கை? ஒட்டன்சத்திரம் சந்தையில் வெங்காயக்காரனையே அழவைத்தவள் நான். சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை முடித்து, பக்கத்துத் தெருவில் ஒரு பிரியாணிக் கடைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. கல்லாவில் இருந்தவர் பெயர் காதர் பாய் என்று மற்றவர்கள் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. பக்கத்து மேசையில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், அறுபது வயது இருக்கும். "ஊருக்கு வந்தவங்களா? எந்தப் பக்கம்?" என்றார்.

"திண்டுக்கல்" என்றார் இவர்.

"அட! எங்க தாத்தா வத்தலகுண்டுல இருந்து கப்பல் ஏறினவரு!"

அவ்வளவுதான், உருகிவிட்டோம். கடல் தாண்டி வந்து ஒருவர் நம் தமிழில் நம் ஊரைச் சொன்னால் நமக்கு மூளை வேலை செய்வதில்லை, இதுதான் உண்மை. பெயர் குமார், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். பேச்சோடு பேச்சாகப் பிரபுவைப் பற்றி நானே கொட்டினேன், நீலக்கல்லையும் சேர்த்துத்தான். அவர் யோசித்துவிட்டு, நல்ல கடை ஒன்று தெரியும், இன்றோடு வரிச்சலுகை முடிகிறது என்றார். நாங்கள் எழுவதற்குள் எங்கள் பில் முப்பத்தொரு ரிங்கிட்டையும் அவரே கட்டிவிட்டார். அப்போது காதர் பாய் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். என்ன பார்வை இது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

குமாரே கூட்டிப்போனார். கடை இரண்டு சந்து தள்ளி, மாடியில். உள்ளே குளிர், ஆளுக்கொரு ஆரஞ்சு ஜூஸ், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வாட்டசாட்டமான ஒரு இளைஞர். வெல்வெட் துணியில் இரண்டு நீலக்கல்லை வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தன.

"ரெண்டும் சேத்து அஞ்சாயிரத்து எண்ணூறு ரிங்கிட். ஒன்னு தம்பிக்குப் போடுங்க. இன்னொன்ன சென்னையில வித்தா போட்ட காசு டபுளா வந்துரும்" என்றார்.

ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபாய்! அப்படியே பிரபுவின் ஃபீஸ். விற்றால் ஃபீஸும் திரும்பும், சனியும் போகும் என்று என் நப்பாசை கணக்குப் போட்டது. தலையாட்டினேன். இவர் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

அந்த இளைஞர் கார்டை மெஷினில் போடப் போகும்போது எனக்கு வழக்கம் ஞாபகம் வந்தது. நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்து, கெட்ட கனவு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். எங்கள் ஊரில் முன்பணம் வாங்கிக்கொண்டு கல்லைக் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

"தம்பி, பாதிப் பணம் இப்ப எடுத்துக்குங்க. மூணு நாள் வச்சுப் பாத்துட்டு மீதிய நாத்தனார் கொண்டுவந்து கட்டிருவா" என்றேன்.

அவர் விழித்தார். "எதுக்கு மூணு நாள்? இன்னிக்கு லாஸ்ட் டே லா அக்கா."

ஓரமாக உட்கார்ந்து கல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். சிங்கப்பூரிலிருந்து வாங்க வந்தவளாம். "சும்மா வாங்குங்க சிஸ்டர். நான் போன வருஷம் வாங்கி, கடையிலயே மோதிரத்துல வச்சுப் போட்டுக்கிட்டேன். ராசியோ ராசி!"

எனக்குச் சுருக்கென்றது. நீலத்தை நம்புகிறவள் எவளாவது கடையிலேயே மாட்டிக்கொள்வாளா? நம்பாதவளுக்கு ராசி எங்கிருந்து வந்தது? குமாரைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாளை முறைத்துக்கொண்டிருந்தார். அடப்பாவிகளா, மூன்று பேரும் ஒரே கூட்டம்!

புரிந்துவிட்டது, ஆனால் எழ முடியவில்லை. குமார் காசில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறோம், ஜூஸ் குடித்திருக்கிறோம், இவர் கார்டு அந்த ஆள் கையில். "ஒரு பேப்பர் மட்டும் சைன் பண்ணுங்க, கல்ல நாங்களே உங்க வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்று அந்த இளைஞன் குரலை உயர்த்தினான். பிள்ளை ஆசையாகக் கேட்ட ஒரே ஒரு காரியம், அதைக் கொண்டுபோய் இங்கே வைத்தேனே என்று உள்ளுக்குள் அழுதேன்.

கதவு திறந்தது. காதர் பாய், மூச்சு வாங்க, கையில் ரோஸ் நிறத்தில் பூப்போட்ட ஒரு குடை.

"அம்மா, குடைய மறந்துட்டீங்களே! வாங்க, உங்க வேன் கடை வாசல்ல நிக்குது. டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு."

நாங்கள் வேனில் வரவில்லை. வெளியே வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"இது நம்ம குடை இல்லையே" என்றார் என் வீட்டுக்காரர். நாற்பது வருடம் உண்மையே பேசி வாழ்ந்த மனுஷர். செருப்போடு அவர் காலை ஒரு மிதி மிதித்தேன்.

"நம்மளுதுதாங்க! எங்கெல்லாம் தேடினேன்!" என்று குடையை ஒரு கையில் வாங்கி, மறு கையை இளைஞன் முன்னால் நீட்டினேன். "கார்டு." வெளி ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவன் கொடுத்துவிட்டான்.

தெருவுக்கு வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டது. பாய் கடைக்குள் உட்காரவைத்துச் சூடாக டீ கொடுத்தார். "சாப்பிடும்போதே சொல்லியிருக்கக் கூடாதா பாய்?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களாம்மா? அவரு உங்க பில்ல கட்டினவரு. நான் அந்தக் காச வாங்கிக் கல்லாவுல போட்டவன்" என்றார். "அதுவுமில்லாம, நேரா மோதினா நாளைக்கு என் கடை முன்னாடி வந்து நிப்பானுங்க. எனக்கும் பொழப்பு ஓடணும்ல."

டீக்குக் காசு வாங்க மறுத்தார். குடையையும் திரும்ப வாங்கவில்லை. யாரோ எப்போதோ விட்டுப்போனதாம். கையெடுத்துக் கும்பிட்டேன். ராத்திரி கேட்டுவிட்டு மல்லிகா, "அலமாக்! அண்ணி, நல்லவேளை லா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள், எங்களுக்குத் தலைப்பாகைகூடப் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜொகூர் நல்ல ஊர், மனுஷர்கள் தங்கம், பயப்படாமல் போங்கள். பெக்கான் நானாஸ் பக்கம் போனால் அன்னாசிப்பழம் வாங்குங்கள், இனிப்புக்கு நான் பொறுப்பு. நவரத்தினக் கல் மட்டும் வெளியூரில் வேண்டாம். வழியில் பழகியவர் கூட்டிப்போகும் கடை, இன்றோடு முடிகிற சலுகை, ஊரில் இரட்டிப்புக்கு விற்கலாம் என்ற பேச்சு, இதில் ஒன்று காதில் விழுந்தாலே எழுந்துவிடுங்கள். இரட்டிப்பாக விற்கும் என்றால் அவனே விமானம் ஏறி வந்து விற்க மாட்டானா? கடை காட்டும் சான்றிதழும் கடைக்காரனே அடித்ததாக இருக்கலாம். வாங்கியே தீர வேண்டுமானால் உங்கள் ஊரில், தெரிந்த கடையில், வெளியே பரிசோதித்து வாங்குங்கள். கார்டு எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டாரே என்று கூசாதீர்கள். முப்பத்தொரு ரிங்கிட்டை மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம், அன்றைக்கு எனக்குத்தான் அது தோன்றவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் ஃபீஸ் கட்டினோம். நடந்ததை இவர் நடித்தே காட்டினார், நான் மிதித்த இடம் வந்ததும் பிரபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

முதல் நாள் வகுப்புக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பிரபு மூலையிலிருந்த அந்தக் குடையை எடுத்தான்.

"டேய், ரோஸ் கலர்ல பூப்போட்டிருக்குடா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்மா. எங்கம்மா மலேசியாவுல வாங்கின கல்லுன்னு சொல்லிக்கிறேன்."

விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். காதர் பாய், உங்கள் குடைக்குள் என் பிள்ளை நனையாமல் போகிறான். நீங்கள் நல்லா இருக்கணும்.