இன்டர்லாக் துணியில் தைத்த விமானம்

சூடான அயர்ன் பாக்ஸ் பாலியஸ்டர் துணியில் படும்போது ஒரு வாசனை வரும்... லேசாகக் கருகின மாதிரி. எனக்கு அது விமான வாசனை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் மெக்கானிக். அவருக்கு ஒரே கிறுக்கு... இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். குழாய், துணி, போல்ட், இன்ஜின் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு விற்க வேண்டும், வாங்குகிறவர் தன் வீட்டுக் களத்திலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு சாம்பிள். அது பறந்தால் புரொடக்‌ஷன். எங்கள் ஊரில் எதுவும் அப்படித்தானே ஆரம்பிக்கும்! அனுமதி, லைசென்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்த வயதுத் தைரியம்.

சாமளாபுரத்தில் ஓடாமல் கிடந்த ஒரு தறிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த வெல்டர் ஆரோக்கியம் அலுமினியக் குழாய்களை இணைத்தார். இறக்கைக்குத் துணி தேர்ந்தெடுத்துத் தைப்பது என் பொறுப்பு.

நான் எடுத்தது நல்ல கனமான பாலியஸ்டர் இன்டர்லாக். பனியன் போல இழுத்தால் நீளும் பின்னல் துணி. ஓவர்லாக் மெஷினில் தைத்து, தலையணை உறை மாதிரி இறக்கைச் சட்டத்தில் மாட்டி, அயர்ன் பாக்ஸால் சுருக்கினேன். தட்டினால் டம்மென்று சத்தம் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த கூடத்தில், நாள் முழுக்கத் தறி ஓடியது. நீளாத நெசவுத் துணி சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது... அதை எடுக்கலாம் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. பனியன்காரர்களுக்குத் துணி என்றால் பின்னல்தான்.

குண்டடம் பக்கம் விதைக்காமல் கிடந்த ஒரு காட்டில் ஓட்டிப் பார்த்தோம். முதல் ஓட்டம் தரையில் மட்டும். இரண்டாவதில் தென்னை உயரம் எழும்பி இறங்குவதாக ஏற்பாடு. ஆரோக்கியம் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து நானும் பக்கத்திலேயே போனேன். வேகம் ஏற ஏற இறக்கையின் மேல்துணி உப்பிக்கொண்டு எழுந்தது. நின்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி படிந்துவிட்டது. விமானத்தை ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை.

சொன்னேன். துணி நீளுகிறது, மேலே போனால் என்ன ஆகுமென்று தெரியாது என்றேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். ஒரே ஒரு தடவை, நாலே நிமிஷம் என்றார். ஆரோக்கியமும் அவருக்கே ஒத்து ஊதினார்.

இன்ஜின் மறுபடி கிளம்பப் போகிறது... என் கைப்பையில் செக்கிங் கத்தரி எப்போதும் இருக்கும். இடது இறக்கையை நுனியிலிருந்து நடுவரை கிழித்துவிட்டேன்.

"என்னக்கா, இப்படிப் பண்ணிட்டியளே" என்று ஆரோக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் இறங்கி வந்து கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன். "செரி உடு அம்மிணி" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, "வேற துணி பாக்கலாமா?" என்று கேட்டார்.

"பாக்கலாங்க. இந்த ஷிப்மென்ட் முடியட்டுங்க."

அடுத்த ஷிப்மென்ட் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மூன்று தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அந்தக் குழாய்கள் இன்று எங்கள் மொட்டை மாடியில் பாகற்கொடிக்குப் பந்தல்.

போன வாரம் மொபைலில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ ஒருவர் தன் ஷெட்டில் இதே மாதிரி விமானம் பூட்டுகிறார். நாங்கள் அன்று குருட்டாம்போக்கில் செய்ததெல்லாம் இப்போது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. இறக்கைத் துணியைக் காட்டியதும் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தார். "நெசவுத் துணி போட்டிருக்கோணும் அம்மிணி. அன்னைக்கு நமக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

நான் காபி போட எழுந்து போய்விட்டேன்.

கிழித்ததற்கு எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் துணிதான் என் தொழில். அந்தக் கிழிசலைக் கையில் பிடித்தபோதே எந்தத் துணி வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்ட மூன்று தடவையும் தெரியும். சொன்னால் மறுபடி ஏறி உட்காருவாரே என்ற பயம்... சொல்லவில்லை.

இத்தனை வருஷத்தில் நேரில் சொல்ல வாய் வரவில்லை. நான் போடுகிற பதிவுகளுக்கு முதல் லைக் எப்போதும் அவருடையதுதான். இதையும் படிப்பார்.