நிறுத்தங்களில் எழுந்த இருமல்

வாசகரே, நான் சொல்லப்போவதற்கு நீங்களே சாட்சியாக இருங்கள். மட்டாஞ்சேரியில் நான் முதன்முதலாக வென்ற பட்டிமன்றப் பேச்சு ஒரு குறுந்தகட்டில் இருந்தது. அன்று அப்பா வரவில்லை. மிளகுக் கிடங்கில் வேலை என்றார். அந்த வருத்தம் எனக்குத் தீரும் முன்பே இறந்துபோனார்.

சென்ற ஞாயிறு மதியம், என் குரலைத் துல்லியமாகக் கேட்க விரும்பி, ஸ்பீக்கரின் மேல் அதிர்ந்துகொண்டிருந்த சிடி பிளேயரை இறக்கிக் கல்பலகையில் வைத்தேன். லென்சைத் துடைத்தேன். ஒலியைத் தெளிவாக்கும் புதிய கருவி ஒன்றையும் இணைத்தேன்.

"உன் கொரலை நீயே எத்தனை தரம்டா கேப்பே?" என்று அம்மா சிரித்தாள்.

இரைச்சல் விலகியது. நான் பேச்சை நிறுத்திய இடத்தில், அரங்கின் பின்புறமிருந்து வறண்ட இருமல் ஒன்று எழுந்தது. அடுத்த நிறுத்தத்திலும் எழுந்தது. நான் பேசும்போது மட்டும் அது இல்லவே இல்லை. அம்மாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அப்பாவாக்கும்டா," என்றாள். "அந்த மிளகுத்தூசி இருமல் உன் பேச்சைக் கெடுத்துடும்னு பயந்துதான் வரல்லேன்னார். ஆனா நமக்குத் தெரியாம வந்து, நீ நிறுத்தறவரைக்கும் அடக்கிண்டு நின்னிருக்கார்."

குறுந்தகடு சுழன்றுகொண்டிருந்தது. ஆளில்லாத வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "அப்பா, இனி எந்த மேடையிலும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவேன்."