லொரேனின் ‘எக்ஸாக்ட்லி’

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்த லொரேனின் வாயில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது: எக்ஸாக்ட்லி. இம்மி பிசகாமல் என்று அதற்கு அர்த்தம். அவள் கடையிலோ அது வெறும் ‘உம்’ கொட்டல். ஈரத்தலையோடு உட்கார்ந்திருப்பவளிடம் மல்லுக்கு நின்றால் தொழில் நடக்குமா?

“என் மருமக சரியான சோம்பேறி, லொரேன்.”

“எக்ஸாக்ட்லி, கண்ணு.”

அந்த மருமகளே வந்து மாமியாரைத் திட்டினாலும் அதே பதில்தான்.

அவள் கணவன் கெய்த், தான் வேலை பார்த்த மீன் கிடங்கின் கூரையிலிருந்து விழுந்து செத்தான். உயரத்தில் ஏறும்போது மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வாரின் கொக்கி உடைந்துவிட்டது, மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள் என்று அவன் வீட்டில் புலம்பாத நாளில்லை. கேட்டவள் அவள் ஒருத்திதான். சாவு விசாரணையில் அதைச் சொன்னால் பழி கிடங்கின்மேல் போகும், சொல்லாவிட்டால் அவன்மேல். மகள் ஜோலீன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். லொரேனுக்கு ஏறியதா என்பது சந்தேகம். அவன் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை, குடிக்கிற டீயின் சூடுகூட.

விசாரணையன்று வந்த கிடங்கின் வக்கீல் ஒரு பெண். தேன் தடவிய குரல். “உங்க கஷ்டம் புரியுது, மேடம். இந்த ஆம்பளைங்களே இப்படித்தான், இல்லையா? வாரை மாட்டுன்னா, ‘எனக்குத் தெரியாதா’ம்பாங்க. உங்க வீட்டுக்காரரும் அப்படித்தானே?”

லொரேன் அவளுடைய நெற்றி முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தூக்கலாக வெட்டியிருந்தார்கள்.

“எக்ஸாக்ட்லி.”

விசாரணை அதிகாரி நிமிர்ந்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவர் தானாத்தான் மாட்டாம விட்டாரா?”

அட, அந்த மனிதர் திருத்திக்கொள்ள வழியே செய்து கொடுத்தார்! அவரும் தன்மையாகத்தான் கேட்டார். அவருக்கும் அதே சொல்தான் கிடைத்தது. கெய்த் தன் கவனக்குறைவால் செத்தான் என்று முடிவானது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜோலீனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “கொக்கி உடைஞ்சதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? அப்பா பேரையே கெடுத்துட்டியேம்மா! ‘இல்ல’ன்னு சொல்ல வாய் வரலையா உனக்கு?”

லொரேன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு அவ்வளவு மரியாதையா கேக்குறா. மூஞ்சிக்கு நேரா எப்படிடி இல்லேங்கிறது?”

ஜோலீன் அழுதாள். லொரேனுக்கு அழுகைகூட வரவில்லை. மகளின் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.