பரமேஸ்வரி அக்காவின் பாட்டுக்குப் புகை போட்ட நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோட்டில் நிற்காது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். தொடக்கநிலை ஆறோடு படிப்பு நின்றுவிட்டது. பிறகு படித்ததெல்லாம் கடைப் பலகைகளும் தமிழ்ப் பத்திரிகையும்தான். டைப் அடிக்கிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்வார் என்று டைரக்டர் நஸ்ரின் சொன்னதால் துணிந்து எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஏதாவது பேசுங்கள் என்று முதலில் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

என் வேலை புகை போடுவது. படப்பிடிப்புச் சாமான்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். நாடகமோ விளம்பரமோ பாட்டு வீடியோவோ, புகை வேண்டும் என்று கேட்டால் மெஷினோடு என்னையும் வேனில் ஏற்றி அனுப்புவார்கள்.

ஸ்மோக் வேறு, ஹேஸ் வேறு

புதியவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்மோக் மெஷினில் வருவது குவியல் குவியலாக வரும், சீக்கிரம் கலைந்துபோகும். மேடைக் கச்சேரிக்கு அது போதும். பாட்டு வீடியோவுக்குக் கேட்பது பெரும்பாலும் ஹேஸ். அது மெல்லிய கொசுவலை மாதிரி அறை முழுக்கத் தொங்கும். வெறும் கண்ணுக்கு இருப்பதே தெரியாது. ஜன்னல் வழியே வெயில் விழும்போது பார்க்க வேண்டும், அந்த வெயிலுக்கு ஓர் உடம்பு வந்துவிடும். நேற்றுவரை சாமான் போட்டு வைத்திருந்த அறை, யாரோ நினைத்துப் பார்க்கிற அறையாக மாறிவிடும். டைரக்டர்கள் "மூட்" என்று சொல்வதில் பாதி இதுதான்.

ஹேஸுக்கு அவசரம் ஆகாது. கட்டடத்து ஆளிடம் சொல்லி ஃபயர் அலாரத்தை முறையாக நிறுத்தி வைக்க வேண்டும். ஏர்கான், ஃபேன் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். மெஷினை மூலையில் ஓடவிட்டு, வெள்ளை ஃபோம் பலகையால் மெதுவாக விசிறிப் பரப்ப வேண்டும். திட்டுத் திட்டாக இருந்தால் ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் ஒட்டாது. யாராவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் போட்டதெல்லாம் வீண். அதனால் செட்டில் என்னை "கதவு அங்கிள்" என்று கிண்டல் செய்வார்கள்.

அணில் குரல்

நான் சொல்ல வந்தது ஒரு நாள் வேலை. சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீட்டின் மாடி. மறுநாள் காலையில் அதை இடித்துக் கட்டுகிற காண்டிராக்டர் வரப்போகிறார். சாயங்காலத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல்தான்.

டைரக்டர் நஸ்ரின். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து, காலி அறையில் தரையில் உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது, எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்காகவே அவர் கூப்பிட்டால் லீவு நாளிலும் போவேன்.

பாடியவர் பரமேஸ்வரி அக்கா. என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருப்பார், ஆனாலும் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்காதான். பள்ளிக்கூடத்துக் கேண்டீனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கோயிலில் அவர் பாடுவதைக் கேட்டுவிட்டு, குணா என்ற இசையமைப்பாளர் அவருக்காகவே ஒரு பாட்டு போட்டிருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு பெண் தனக்குத்தானே பாடிக்கொள்கிற பாட்டு. அவருடைய பெயரில் வரப்போகும் முதல் பாட்டு அது. செலவும் குணாவுடையது.

அந்த மாதிரிப் பாட்டு என்றால் எங்கள் தொழிலில் யோசிக்காமல் செய்கிற ஒரு வழி உண்டு. கேமராவை ஸ்லோமோஷனில் ஓடவிட்டு, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போடுவோம். பாடுகிறவர் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். பிறகு படத்தை மெதுவாக்கினால் உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும், சேலை, முடி, தூசி எல்லாம் மிதக்கும். பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

அக்காவுக்கு யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் அவருடைய குரல் அணில் கத்துவது மாதிரி கீச்கீச்சென்று வந்தது. பழக்கத்தில் குணா சிரித்துவிட்டார். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இரண்டு மூன்று தடவை எடுத்தோம். அக்கா பின்தங்கினார், வார்த்தையை விழுங்கினார். பிறகு மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். ஸ்லோமோஷனில் அவர் வாய் திறந்து மூடியது. தாடைச் சதை ஆடியது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "மாடு அசை போடுற மாதிரி இருக்கு," என்றார்.

மானிட்டரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் மூஞ்சி வேணாம் நஸ்ரின். குரல் இருந்தா போதும். லட்சணமா ஒரு பொண்ண நிக்க வெச்சு எடுத்துக்கோங்க."

குணா உடனே சொன்னார்: "அக்காவே சொல்லிட்டாங்க லா. நான் ஒரு மாடல்கிட்ட சொல்லித்தான் வெச்சிருக்கேன், போன் பண்ணா வந்துரும்."

சொல்லி வைத்திருக்கிறார் என்று கேட்டதும் அக்காவின் முகம் போன விதத்தை நான் பார்த்தேன். தனக்குத் தோன்றியது எல்லோருக்கும் முன்பே தோன்றியிருக்கிறது என்று நினைத்திருப்பார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நஸ்ரின் குணாவைப் பார்த்து, "போன் பண்ணு. வரட்டும். ஆனா அதுவரைக்கும் டைம் என்னுது," என்றார். பிறகு படிக்குப் போனார். நான் மெஷினுக்கு ஹேஸ் தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்ததால் பேசியது காதில் விழுந்தது.

"தப்பு என்னோடது அக்கா. எல்லாரும் எடுக்கிற மாதிரியே எடுத்துட்டேன். உங்க பாட்டு அப்படி இல்ல."

"விடும்மா. கேண்டீன்காரிக்கு எதுக்கு இதெல்லாம்."

"ஒரே ஒரு தடவ. பாட்டு அதோட வேகத்துலயே போகும். ரூம் ஃபுல்லா புகை போடுறோம். உங்களுக்கு நாங்க தெரிய மாட்டோம், எங்களுக்கும் நீங்க தெரிய மாட்டீங்க. வீட்டுல பாத்திரம் கழுவும்போது பாடுவீங்கல்ல, அப்படிப் பாடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் புகை கொஞ்சம் கொஞ்சமா கொறையும். கடைசில முகம் தெரியும். எதையும் ஒளிக்கல அக்கா, இப்பவே சொல்லிட்டேன். வேணாம்னு தோணுச்சுன்னா இடது பக்கம் திரும்பி நின்னுக்கோங்க. அதோட கட். அழிச்சிடுறேன், குணா முன்னாடியே."

அக்கா என் மெஷினைப் பார்த்தார். பிறகு, "புகையில இருமல் வராதே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு நில்லுங்க. இருமல் வந்தா நிறுத்திடலாம்."

ஜன்னல்

நஸ்ரின் என்னிடம் வந்தார். "அண்ணே, புகைய போடுறது எனக்குத் தெரியும். எடுக்கிறது எப்படி?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. புகை போதவில்லை, புகை அதிகம் என்பார்கள். போகிற புகையைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை. நான் இடது பக்கத்து வெளிச்சக் கிணற்றைக் காட்டினேன். பழைய கடைவீடுகளில் நடுவே ஆகாயம் தெரிகிற மாதிரி திறந்து விட்டிருப்பார்களே, அது. அதை ஒட்டி வரிசையாக மர ஜன்னல்கள். ஒவ்வொன்றாகத் திறந்தால் காற்று மெதுவாக இழுக்கும்.

"ஒவ்வொண்ணையும் எப்ப திறக்கணும்னு நான் கத்த மாட்டேன்," என்றார். "அவங்க பயந்துருவாங்க. பல்லவி முடிஞ்சதும் ஒண்ணு. அப்புறம் சரணம் ஆரம்பிக்கிறப்ப எல்லாம் ஒண்ணு. பாட்டக் கேட்டுக்கிட்டே செய்ங்க."

கேமராமேன் கெல்வின் சீனர். அவருடைய கவலை வேறு. "ஹவ் டு ஃபோகஸ்? நத்திங் டு சீ, அங்கிள்," என்றார். அவரே வழியும் கண்டுபிடித்தார். தரையில் டேப் ஒட்டி அக்காவை அதில் நிற்க வைத்து, லென்ஸிலிருந்து அவர் மூக்குவரை அளவு நாடா பிடித்து அளந்து, அந்த எண்ணிலேயே லென்ஸை வைத்துப் பூட்டினார். மூக்குக்கு அளவெடுத்தபோது அக்கா முதல் முறையாக உண்மையாகச் சிரித்தார். "ஜாக்கெட் தைக்கப் போறியாப்பா?" என்றார். கெல்வினுக்குப் புரியவில்லை, அவரும் சிரித்தார்.

ஹேஸ் மட்டும் போட்டால் ஆளை மறைக்காது. அதனால் ஸ்மோக், ஹேஸ் இரண்டு மெஷினையும் சேர்த்து ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீட்டிய கை தெரியவில்லை. நான் பலகையை வைத்துவிட்டு, தடவித் தடவி ஜன்னலோரம் போய் முதல் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியது. ஸ்பீக்கரில் அக்காவின் குரல். பிறகு புகைக்குள்ளிருந்து அதே குரல் இன்னொன்று. அவர் வாயசைக்கவில்லை, நிஜமாகவே பாடினார். படப்பிடிப்பில் அந்தக் குரலைப் பதிவு செய்ய மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் பாடினார்.

பல்லவி முடிந்ததும் முதல் ஜன்னலைத் திறந்தேன். புகை சோம்பேறித்தனமாக அசைந்தது. சரணத்தில் அடுத்தது. முன்பக்கத்து ஜன்னல் சட்டங்கள் வழியே மேற்கு வெயில் கோடு கோடாக இறங்குவது தெரிய ஆரம்பித்தது. பிறகு சேலையின் கரும்பச்சை. பிறகு கை.

முகம் தெரியத் தொடங்கிய இடத்தில் அக்கா இடது பக்கம் திரும்பினார்.

நான் நின்ற பக்கம் அது. அவர் கண் நேராக என் மேல் இருந்தது. மற்ற நேரமாக இருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். யார் பார்த்தாலும் குனிவதுதான் என் பழக்கம். ஆனால் சரணம் எந்த இடத்தில் ஆரம்பிக்கும் என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் குனிய மறந்துவிட்டேன். நஸ்ரின் "கட்" சொல்லவில்லை. அக்கா பாட்டை நிறுத்தாததால் காத்திருந்தார் போலிருக்கிறது. கடைசிச் சரணத்தின் முதல் வரி வந்தது. கடைசி ஜன்னலைத் திறந்தேன்.

அக்கா கேமராவுக்குத் திரும்பினார். பாட்டு முடியும்வரை அங்கேயே இருந்தார்.

முடிந்ததும் நஸ்ரின் முதலில் மானிட்டருக்குப் போகவில்லை. அக்காவிடம் வந்து, "வெக்கவா, அழிக்கவா?" என்றார்.

"போட்டுக் காட்டுங்க."

வெள்ளையாகத் திரை. அதற்குள் குரல் மட்டும். நிழல் மாதிரி ஓர் உருவம். பிறகு வெயிலோடு சேர்ந்து அந்த முகம் மெல்ல மெல்ல வந்தது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு நொடி தயங்கி, நேராகப் பார்த்தது. தாடைச் சதை அப்படியேதான் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"நல்ல பாட்டுல்ல?" என்றார் அக்கா. பிறகு, "வெச்சுக்கோங்க."

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாடல் பெண் எப்போதோ வந்து, கதவைத் திறக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்ததால் படியிலேயே நின்று முழுப் பாட்டையும் கேட்டிருக்கிறார். "உள்ள பாடினது யாரு? இதுக்கு நான் வாயசைச்சா எல்லாரும் சிரிப்பாங்க," என்றார். குணா தலையைச் சொறிந்துகொண்டே அவரை டீ சாப்பிட அழைத்துப் போனார். போகும்போது, "ஆரம்பத்துல இவ்வளவு நேரம் வெள்ளையா இருந்தா ஸ்கிப் பண்ணிருவாங்க," என்றார். "பண்ணட்டும்," என்றார் நஸ்ரின். அப்படியேதான் வெளியிட்டார்கள்.

வேனில் மெஷினை ஏற்றும்போது அக்கா வந்து நின்றார். "எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க அண்ணே. நீங்க மட்டும் பாட்டக் கேட்டுக்கிட்டு நின்னீங்க." மெஷினின் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். புகை போடுகிறவர் வேலை புகையோடு முடிவதில்லை. அது போகிற வழியையும் போகிற வேகத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் மெஷினை இறக்கும் முன் ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்க்கிறேன். டைரக்டர் கேட்காவிட்டாலும் பாட்டை ஒரு முறை முழுவதும் கேட்டுவிடுகிறேன்.

போன வாரம் பரமேஸ்வரி அக்காவின் இரண்டாவது பாட்டுக்குப் போயிருந்தேன். அதே நஸ்ரின், அதே கெல்வின். நான் மெஷினைத் தட்டிவிட்டு விசிற ஆரம்பித்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அறைக்கு மறுகோடியிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அண்ணே, போதும் போதும். இந்தத் தடவ என் மூஞ்சி நல்லா தெரியணும்."

ஈசூன்,
10 நவம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை