வெயிலை நம்பாத வண்டி

டாக்ஸி ஸ்டாண்டில் அவளுக்குப் பூனையக்கா என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் அவள் இல்லை, அவளுடைய கார். மற்றவர்களின் டீசல் வண்டிகள் தெருமுனையிலேயே இருமிக்கொண்டு வரும். அவளுடைய மின்சாரக் கார் மட்டும் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒருநாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஸ்டாண்டு தலைவர் துள்ளி எழுந்து, "பூனை மாதிரி வந்து நிக்கிறியேம்மா, ஒரு ஹார்னாவது அடிக்கக் கூடாதா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சவாரிக்கு வருகிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

பள்ளிக்கூட வேனும் அடுத்தவர் டாக்ஸியும் ஓட்டிக் காய்த்துப்போன கைகள் அவளுடையவை. சொந்தமாக ஒரு வண்டி வந்தபோது அதை ஊரே பார்க்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. புருஷனோ தையல்காரர், வாய் திறக்காத மனிதர். பல்லிடுக்கில் நூலைக் கடித்துக்கொண்டே பாதிக் கேள்விகளிலிருந்து தப்பித்துவிடுவார். வண்டி வாசலுக்கு வந்த அன்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று ஒற்றைச் சொல்லோடு கடைக்குக் கிளம்பிவிட்டார். அவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

சில நாள் கழித்து ஒரு துணி மூட்டையோடு வந்தார். பிரித்தால் கரும்பச்சை வெல்வெட் விரிப்பு. ஓரம் நெடுகப் பொன்னிற நூலில் கொடி ஓடியது. முன்கண்ணாடிக்குக் கீழே நீளும் டாஷ்போர்டின் மேல் போட்டால், வளைவு நெளிவெல்லாம் சட்டை போட்டதுபோல உட்கார்ந்தது. அவளுக்குத் தெரியாமல் எப்போதோ வண்டியில் ஏறி அளவெடுத்திருக்கிறார்.

"வெயில்ல பிளாஸ்டிக் வெடிச்சிரும்ல," என்றார்.

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் பெயராது என்று அவளுக்குத் தெரியும். போகிற சவாரியிலெல்லாம், "எங்க வீட்டுக்காரர் தைச்சது," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கோடை பிறந்ததும் வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. ஏசியை ஆட்டோவில் போட்டுவிட்டால் வெளியே இருக்கும் வெக்கைக்கு ஏற்ப அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். காலையிலும் மாலையிலும் அப்படியேதான் நடந்தது. உச்சி வெயிலில்தான் வண்டி, தூங்குகிறவர் பக்கத்தில் நின்று ஊதுவதுபோல மெல்ல ஊதியது. ஆபீஸ்காரர்கள் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு அவளை முறைத்தார்கள். கையால் கூட்டி வைத்தால் பின்சீட்டில் ஐஸ்பெட்டி. சார்ஜும் மளமளவென்று இறங்கி, நல்ல சவாரி வரும் நேரத்தில் சார்ஜ் போடுகிற இடத்தில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

சர்வீசுக்குக் கொண்டுபோனாள். "வண்டி கல்லு மாதிரி இருக்குக்கா," என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனாள். மறுபடியும் கல்லுதான்.

"டாக்டரைப் பாத்தா காய்ச்சல் விட்டுப்போற மாதிரி, உங்களைப் பாத்தா இதுக்கு நல்லாயிடுதுங்க," என்று நொந்துகொண்டு திரும்பினாள்.

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் பச்சைக் குழந்தையோடு ஏறினாள். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகராமல் நின்றன. குழந்தையின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, வீறிட்டு அழ ஆரம்பித்தது. ஏசியைக் கையால் கூட்டினால் பச்சை உடம்புக்கு ஆகாது, கண்ணாடிகளை இறக்கினால் வெளியே அனல். பூனையக்கா வண்டியை ஒரு கட்டடத்தின் நிழலுக்கு ஒதுக்கிக் கதவுகளைத் திறந்துவிட்டு, கையில் கிடைத்த அட்டையால் விசிறிக்கொண்டே நின்றாள். குழந்தை அடங்கிப் பால் குடித்தது. அந்தப் பெண் ஒரு குறையும் சொல்லவில்லை. "பரவால்லக்கா," என்றாள். அந்தப் பரவாயில்லையைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

இறக்கிவிட்ட கையோடு நேரே சர்வீஸ் ஷெட்டுக்கு விட்டாள்.

"உள்ள வச்சுப் பாக்குறதெல்லாம் வேண்டாம். இந்த வெயில்லயே என்கூட ஒரு ரவுண்டு வாங்க."

இளம் இன்ஜினியர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏறினார். முதல் சிக்னலிலேயே சிரிப்பு வேர்வையாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தவர் வெல்வெட் விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். கீழே கண்ணாடியை ஒட்டி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது.

"இதாங்க்கா வண்டியோட கண்ணு. வெயில் எவ்வளவு அடிக்குதுன்னு இதுதான் பாக்கும். நீங்க போர்த்திவிட்டதுல, பொழுது சாஞ்சிருச்சுன்னு நெனச்சுக்குது. சர்வீசுக்கு வரும்போது இந்தத் துணி இல்லையே?"

"கறை படியுமேன்னு கழட்டி வச்சுட்டுத்தான் வருவேன்," என்றாள் அவள், பாதிக் குரலில்.

விரிப்பை எடுத்ததும் காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. அவளுக்குத்தான் புழுங்கியது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது? வாய் திறக்காத மனிதர் துணியால் பேசிய ஒரே பேச்சு. அதைப் போய் வண்டிக்கு ஆகாது என்பதா? மறுநாளிலிருந்து, காலையில் தெருமுனை தாண்டியதும் விரிப்பை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைப்பாள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அதே முனையில் நிறுத்தி விரித்துக்கொள்வாள். கள்ளத்தனம் பழகாதவள் என்பதால், ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கோடை முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. விரிப்பை விரலால் நீவினார்.

"ஏம்மா, இதைப் போடுறதில்லையா?"

"போட்டுத்தானே இருக்கு!"

"வெல்வெட்டு வெயில்பட்டா ஒரு கோடையில வெளுத்துரும். இது கடையில கிழிச்சப்ப இருந்த பச்சை." விரிப்பின் நடுவே விரலை ஓட்டினார். "மடிப்பு வேற விழுந்திருக்கு."

அவள் வசமாக மாட்டிக்கொண்டாள். பிறகு குழந்தை அழுததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கெட்டைப் பார்த்தே பேசினாள்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா? நான் என்ன, கோவிச்சுக்கிட்டு தைக்கிறதை விட்டுருவேன்னு நெனச்சியா?"

"சங்கடப்படுவீங்கன்னு..."

"சங்கடம்தான். அளவெடுக்கும்போது அந்தக் குமிழைப் பாத்தேன். திருகாணி போலன்னு நெனச்சு மூடிட்டேன்." அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "சரி, டேப்பை எடுத்துட்டு வா. சட்டைப் பொத்தானுக்கே காஜா எடுக்கிறோம், காருக்கு எடுக்க மாட்டோமா?"

வாசலிலேயே உட்கார்ந்து துளை வெட்டி, அதன் விளிம்பில் பொன்னிற நூலால் நெருக்கமாகக் காஜா தையல் போட்டார். முன்கண்ணாடிக்குக் காற்று ஊதும் துவாரங்களையும் விரிப்பு பாதி மறைத்திருந்தது. அந்த ஓரத்தையும் குறைத்து மடித்துத் தைத்தார். கோடைக்கு முந்தி, பனிக்காலைகளில் கண்ணாடியில் அடிக்கடி ஆவி படிந்ததற்கும் அதுதான் காரணம் என்று, மழைக்காலத்தில் அது படியாமல் இருந்தபோதுதான் தெரிந்தது.

அன்று மத்தியானமே, தையல் சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று அவரை வண்டியில் ஏற்றினாள். ஆற்றுப்பாலம் தாண்டி, அவளுடைய அக்கா வீட்டுச் சாலைவரை போனார்கள். வெயில் கண்ணைப் பறித்தது. வண்டி கச்சிதமாக ஊதியது.

"கொஞ்சம் குறைக்கக் கூடாதா? குளுருது," என்றார்.

"ஆட்டோவுல இருக்குங்க. நாம கை வைக்கக் கூடாது."

அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, அப்படியே வாய் பிளந்து தூங்கிப்போனார். அவள் ஓசைப்படாமல் கை நீட்டி, குளிரை இரண்டு டிகிரி குறைத்து வைத்தாள்.