நாற்பது எம்பி இறங்கிய ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. லிஃப்ட் வர நேரமானால் நாலு மாடியும் ஏறிவிடுவேன். திரையில் அந்தச் சக்கரம் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றினால் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். என் போனில் டார்ச் லைட் எரியவைக்கிற ஒரு ஆப் இருக்கிறது. அதற்கு வாரா வாரம் அப்டேட் வேண்டுமாம், அதுவும் எண்பது எம்பி. இருட்டில் வெளிச்சம் காட்டுவதில் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் அப்படி என்ன முன்னேற்றம் வந்துவிட்டதோ, எனக்குப் புரியவில்லை. வீடியோ கேம்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பந்தயம் ஓட்டுவதற்குள் ஐந்து விளம்பரம் பார்க்கவேண்டியிருக்கிறது. இப்படி நான் புலம்ப ஆரம்பித்தால் என் மகன், "நீ சின்ன வயசுல ரொம்பப் பொறுமையா இருந்தியாக்கும்" என்பான். இருந்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம், நாற்பது எம்பிக்காக.

அப்போது எனக்குப் பத்து வயது. அஸ்தினாபுரத்தில் வீடு. அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர். அத்தை அப்பாவின் தங்கை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையின் ஆபீசில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. தகட்டை எங்கே வெட்டவேண்டும், எங்கே துளை போடவேண்டும் என்று அவள் திரையில் கோடு இழுத்தால், வெளியே மெஷினில் நிற்பவர்கள் அப்படியே வெட்டுவார்கள். "நான் ஒரு மில்லிமீட்டர் தப்பு பண்ணா ஒரு வண்டி இரும்பு வேஸ்ட்டு" என்று அவள் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் உள் அறையில் பூப்போட்ட உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி அப்பாவுக்குச் சில கொள்கைகள் இருந்தன. இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு மணி நேரம் ஓய்வு தரவேண்டும். கேம் விளையாடினால் திரை தேய்ந்துபோகும். அத்தை இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள், அவர் எதிரில் அல்ல. அவளுக்கும் கருத்துகள் உண்டு, அவை தீர்ப்பு மாதிரி இருக்கும். "எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் மொதல்ல அதோட செட்டிங்ஸைத் தெறந்து பாக்கணும்டி. உள்ள போய்ப் பாக்காம ஒண்ணையும் நம்பக்கூடாது." கேம் விஷயத்தில் அவள் கட்சி வேறு. டெமோவே போதும், முழு கேமில் அதே ரோட்டைத்தான் பத்துத் தடவை வேறு கலரில் காட்டுவான் என்பாள். அப்பா சொன்னதைவிட அத்தை சொன்னதைத்தான் நான் நம்பினேன்.

அந்த டெமோதான் என் பிரச்சினை. ஒரு கார் பந்தய கேம். பள்ளியில் பாதிப் பேர் விளையாடிவிட்டார்கள், நான் இன்னும் கதைதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது எம்பி. அந்த நாளில் இன்டர்நெட் டெலிபோன் வயர் வழியாகத்தான் வரும், சொட்டுச் சொட்டாக. நடுவில் யாராவது ஹாலில் ரிசீவரை எடுத்தால் நெட் அறுந்துவிடும். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஒரு தடவை அறுபது சதவீதத்தில் அம்மா, கேஸ் புக் பண்ண எடுத்தாள். இன்னொரு தடவை எண்பத்திரண்டில் அப்பா எடுத்தார். எண்பத்திரண்டில்! நான் தரையில் உருண்டு அழுதேன். "கார் ஓட்டறதுக்கு இந்த அழுகையா?" என்றார் அப்பா.

அதே சமயத்தில் அத்தைக்கு வரன் வந்தது. படப்பையில் ஹார்டுவேர் கடை, சொந்த வீடு, ஒரே பையன். தாத்தா போன பிறகு தங்கையின் கல்யாணம் தன் தலையில் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களும் நல்லவர்கள்தான், கேசரியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, "எங்க வூட்ல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்லீங்க. ராணி மாதிரி வெச்சுக்குவோம்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தை மெல்ல ஆரம்பித்தாள். பட்டறை முதலாளி அவளைக் கிண்டியில் ஒரு புது சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள அனுப்பப்போகிறார். ஒரு பொருளை வரைந்து, கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கலாமாம். அதைச் சொல்லும்போது அவள் கை தட்டின் மேல் எதையோ சுழற்றிக் காட்டியது. "ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாமாண்ணா?"

"நல்ல எடம் ஆறு மாசம் நம்ம வாசல்ல நிக்குமாம்மா?" என்றார் அப்பா, கோபமே இல்லாமல். அத்தை அதற்கு மேல் பேசவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேசாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

படப்பைக்காரர்கள் நாள் நேரம் பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் ஒன்றரைக்கு முடிகிறது, ராகுகாலம் நாலரைக்கு ஆரம்பிக்கிறது. நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தில் போன் செய்து தங்கள் முடிவைச் சொல்வதாகத் தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கமும் 'சரி' என்றுவிட்டால் அடுத்த முகூர்த்தத்திலேயே நிச்சயதார்த்தம். அப்பா அன்று காலையிலேயே ஒரு சட்டம் போட்டார். ஒன்றரையிலிருந்து நாலரை வரை யாரும் போனைத் தொடக்கூடாது. நாம் எடுக்கிற அந்த ஒரு நிமிஷம் பார்த்து அவர்கள் கூப்பிட்டால்?

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அத்தை என்னை உள் அறைக்குக் கூப்பிட்டாள். "ஏய், இன்னிக்கு மூணு மணி நேரம் யாரும் ரிசீவரை எடுக்க மாட்டாங்க. யோசிச்சியா?"

நான் யோசிக்கவில்லை. யோசித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்டேன். "அவங்க போன் பண்ணா?"

"பண்ணா நெட்டு தானா கட்டாயிடும், மணி அடிக்கும்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு கம்ப்யூட்டரில் எங்கெங்கோ போய், எதையோ திறந்து, மோடம் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். வழக்கமாக இணைப்பு கிடைக்கும் முன் அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். "அண்ணா டென்ஷன்ல இருக்காரு. எதுக்குத் தொந்தரவு" என்றாள். அவளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று முப்பத்திரண்டுக்கு டெமோ இறங்க ஆரம்பித்தது.

அந்த மூன்று மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லி மாளாது. பதினொன்று சதவீதம். உட்கார்ந்தேன், எழுந்தேன். பதிமூன்று. ஹாலுக்குப் போனேன். அப்பா போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வேஷ்டியை மாற்றிக் கட்டி, நெற்றியில் விபூதியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்தேன். பதினைந்து. அந்த வீட்டில் அன்று யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தாள். அத்தை ஹாலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு அடிக்கொருதரம் உள்ளே வந்து, "எவ்ளோ ஆச்சு?" என்பாள். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது, தோளைத் தொட்டால் என் சட்டை ஈரமானது. என்னைவிட அவளுக்குத்தான் அந்த கேம் மேல் ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று மணி தாண்டியது. ஐம்பத்தைந்து சதவீதம். ஹாலில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஒரு தடவை எடுத்துத்தான் பாருங்களேன். லைன் செத்துக்கித்துப் போயிருக்கப் போவுது."

எடுத்தால் ஐம்பத்தைந்தும் போச்சு. ஓடிப்போய்க் கதவோரம் நின்றேன். அப்பாவின் கை ரிசீவர் வரைக்கும் போய்விட்டது. அத்தை தலையைத் தூக்காமலே, "வேணாம் அண்ணி. அண்ணா சொன்னதுதான் சரி. அந்த நேரம் பாத்து அவங்க கூப்ட்டுட்டா?" என்றாள்.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். தங்கையே இவ்வளவு அக்கறையாக இருக்கிறாளே என்று அவர் முகம் மலர்ந்துபோனது. "கேட்டுக்கோ" என்று அம்மாவிடம் சொன்னார். அப்படியாக ஒரு குடும்பமே உட்கார்ந்து, ஏற்கெனவே எங்கேஜாகிப்போன ஒரு போனைக் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தது.

நாலு இருபதுக்கு நூறு சதவீதம் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். உடனே கட் பண்ணா ஃபைல் கெட்டுப்போயிடும்" என்றாள். அதையும் நம்பினேன். நாலரை ஆனதும் அவளே நெட்டைத் துண்டித்துவிட்டு, தலையணையில் முகம் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

தரகர் ராகுகாலம் முடிந்துதான் வந்தார். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா சார் இப்டிப் பண்ணிட்டீங்க? அவங்க ரெண்டு மணிலேர்ந்து போட்டுகினே கீறாங்க, எங்கேஜு எங்கேஜுன்னே வருது. புடிக்கலன்னா வாயால சொல்லலாம்ல, ரிசீவரை எடுத்துக் கீய வெக்கணுமான்னு கேக்கறாங்க. ஒரே பேஜாராப் பூட்ச்சு!"

"நான் இங்கியேதானேய்யா உக்காந்திருந்தேன்!" என்றார் அப்பா. "நான் இப்பவே கூப்ட்டுப் பேசறேன்."

"இன்னாத்தப் பேசறது? நல்ல நேரம் முடியறதுக்குள்ள யாருக்காச்சும் சரின்னு சொல்லணும்ல? அவங்க பாத்து வெச்சிருந்த மாடம்பாக்கத்துப் பொண்ணு வூட்டுக்குப் போட்டாங்களாம். மொத ரிங்லயே எடுத்துட்டாங்களாம். முடிஞ்சுபோச்சு."

அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து என் கார் சறுக்கிப் பிரேக் போடுகிற சத்தம் கிறீச்சென்று கேட்டது. தரகர் வீட்டிலும் கம்ப்யூட்டர் படிக்கிற பையன் இருந்தான். அவர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக் கேட்டார். "சார், வூட்ல நெட்டு கீதா?"

அடுத்த நிமிஷம் நான் ஹாலில் நின்றேன். மூன்று மணி நேரம் நெட் ஓடியதை நானே ஒப்புக்கொண்டேன். அப்பா என்னை அதற்கு முன் அடித்ததில்லை. முதுகில் ஒன்று வைத்தார். "யாரு உனக்குப் போடச் சொன்னது? சொல்லு!"

அத்தை எழுந்து ஓடிவந்தாள். "அண்ணா, அவள அடிக்காதீங்க. நான்தான்..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மில்லிமீட்டர் தப்பு பண்ணாதவள், போன் வந்தால் நெட் தானாக நின்றுவிடும் என்று தப்பாகச் சொல்லிவிட்டாள். அது வெளியே தெரிந்தால், அதுவும் தரகர் எதிரில் தெரிந்தால், அவள் மானம் என்ன ஆகும்? பட்டறையில் யார் அவளை மதிப்பார்கள்? நான் அவளைப் பேசவிடாமல் கத்தினேன். "அத்தைக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா! நானாத்தான் போட்டேன்!"

இரண்டாவதும் விழுந்தது. அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

உள்ளே அத்தை என் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். "ஏண்டி என் பேரைச் சொல்லல?" என்று கேட்டாள். அவள் குரல் என்னவோபோல் இருந்தது.

நான் பெரிய மனுஷி மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பரவால்ல அத்தை. எல்லாருக்கும் எல்லாமும் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. நெட்டு போட்டா போன் வராது. இனிமே ஞாபகம் வெச்சுக்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அத்தை என்னையே பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தவள், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். தெரியாமல் போய்விட்டதே என்கிற வெட்கம் என்று எனக்கு நினைப்பு. முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அத்தை கிண்டிக்குப் போய் அந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாள். பட்டறையை விட்டுப் பெரிய கம்பெனிக்குப் போனாள், அவளுக்குக் கீழே பத்துப் பேர் கோடு போட்டார்கள். கல்யாணம் காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் சொந்தக்காரர்கள், "அவ கம்ப்யூட்டர்ல புலியாச்சே" என்று மெச்சுவார்கள். நான் கப்சிப்பென்று இருப்பேன். நெட் போட்டால் போன் வராது என்பதுகூடத் தெரியாதவள் என்ற விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும், எப்பாடுபட்டாவது அதைக் காப்பாற்றவேண்டும் என்று எத்தனையோ வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.